பயிற்சிக்கு வரும் பிள்ளைகள்



தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. அதில் வேளாண்மை படிக்கும் பிள்ளைகள் களப்பயிற்சிக்கு உங்க வயலுக்கு வந்தால், 'சம்பளமில்லாத ஆள் கிடைச்சாச்சு' என்று நாள் முழுக்கக் களையெடுக்க விட்டுவிடாதீர்கள்.

விதைத் தேர்வைச் செய்யச் சொல்லுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து விதைநெல்லைப் போட்டால், பதரும் பொக்கும் மிதக்கும். அவற்றை நீக்கிவிட்டு, மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசணும். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். கணக்கையும் காரணத்தையும் பிள்ளைகள் சொல்லட்டும். கைப்பக்குவத்தை நீங்க சொல்லுங்க.

ஒன்று மட்டும் கண்டிப்பு: பூச்சிமருந்து கலக்கவோ தெளிக்கவோ அவர்களை விடவே கூடாது. காலி டப்பாவைக் கழுவச் சொல்வதும் வேண்டாம். பெற்றவர்கள் நம்மை நம்பி அனுப்பிய பிள்ளைகள் அல்லவா?