பக்கத்து பெஞ்சுப் பிள்ளை
(சங்கத்தின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘அகதிப் பயல்’ என்ற ஏச்சைப் பிள்ளைகள் எங்கே கற்கிறார்கள்? பாடப் புத்தகத்தில் அல்ல, பெரியவர்களின் பேச்சில். ‘மதராஸி’ என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1966க்குப் பின் பம்பாயில் அது வெறும் ஏச்சோடு நிற்கவில்லை என்பதையும் அறிவோம். இருந்தும், நமக்குப் பின் வந்தவனை நம் பிள்ளைகள் ஏசினால் சிரித்துக்கொண்டு போகிறோம்.

‘எல்லோரும் சமம்’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் இது மாறாது. எது மாற்றும் என்று இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லின்சி கேமரன், ஆடம் ரட்லண்ட் முதலிய உளவியலாளர்களின் ஆய்வு 2006இல் வெளிவந்தது. 5 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கதைகளைப் படிக்கக் கொடுத்துப் பேச வைத்தார்கள். ஆங்கிலேயப் பிள்ளையும் அகதிப் பிள்ளையும் நண்பர்களாகும் கதைகள். அவ்வளவுதான், அகதிப் பிள்ளை யாரையும் கொண்டுவந்து காட்சிப் பொருளாக நிறுத்தவில்லை.

கதைகள் மூன்று விதம். ஒன்றில் அந்தப் பிள்ளையின் தனிக் குணங்களே பேச்சு. இன்னொன்றில் இருவரும் ஒரே பள்ளி என்பதே பேச்சு. மூன்றாவதில் இருவரும் ஒரே பள்ளிதான். ஆனால் இவன் அகதி, அவன் ஆங்கிலேயன் என்பதும் மறைக்கப்படவில்லை. கதை படித்த பிள்ளைகளின் மனம் இளகியது. அதிலும் மூன்றாவது விதமே அதிகம் பலித்தது.

அரசியல் இங்கேதான் இருக்கிறது, தோழர்களே! ‘எங்களைப் போல் ஆகிவிடு, சேர்த்துக்கொள்கிறோம்’ என்பது நமக்கும் விதிக்கப்பட்ட நிபந்தனை. ரயில் பெட்டியில் தமிழை அடக்கிப் பேசியவர்கள் நம்மில் இல்லையா? 1983க்குப் பின் ஈழத்திலிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகள்தாம். ஆனால் அவர்கள் பேச்சு வேறு, பட்ட பாடு வேறு. ‘நாமெல்லாம் தமிழர்’ என்று சொல்லி அதை மூடிவிடக் கூடாது.

துருக்கியிலும், சிரிய அகதிக் குழந்தைகள் பெருமளவில் சேர்ந்த தொடக்கப் பள்ளிகளில் அடுத்தவர் இடத்தில் நின்று பார்க்கப் பழக்கினார்கள். அடிதடி குறைந்தது, ஒதுக்கிவைப்பது குறைந்தது என்கிறது 2021இல் வெளிவந்த ஆய்வு.

நமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் வாரம் ஒரு கதை வைக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரே கண்டிப்பு: அகதிப் பிள்ளை கதை முழுக்க அழுதுகொண்டு நிற்கக் கூடாது. பந்து விளையாடட்டும், சண்டை போடட்டும், கணக்கில் முதலாவதாக வரட்டும். எழுதக்கூடிய தோழர்கள் இம்மாத முடிவுக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.