கழிக்கரையில் மனை வாங்குமுன்

(அறக்கட்டளையின் வீட்டுவசதி உதவிக்கு மனுச் செய்த குடும்பங்களின் கூட்டத்தில், மக்ரிப் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)



ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வாடகை கொடுத்து மாளாதவர்கள் மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர் பக்கம் மனை தேடிப் போகிறார்கள். நம்மிடம் கடன் கேட்டு வரும் மனுக்களிலேயே அது தெரிகிறது. கொசஸ்தலை ஆற்றையும் எண்ணூர் கழியையும் ஒட்டிய மனைக்கு விலை குறைவு. ஏன் குறைவு என்று விற்பவர் சொல்லமாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

பூண்டி ஏரியைத் திறந்தால் அந்தத் தண்ணீர் கொசஸ்தலையில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். 2015, 2021, 2023 மூன்று வெள்ளத்திலும் அந்தப் பக்கத்து மக்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கடைசி வெள்ளத்தில், மிக்ஜாம் புயலின்போது, மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் சேர்ந்து வந்து வீட்டுச் சுவர்களில் கறுப்பாகப் படிந்தது.

வெள்ளம் வருஷத்தில் சில நாள். கழியில் கடல்நீர் ஏறி இறங்குவதோ தினமும் நடப்பது. அந்தக் கரை வெறும் களியும் வண்டலும்தான். அதைப் பிடித்து வைத்திருப்பது அலையாத்தி மரங்களும், தரையோடு படரும் உமரியும், கோரையும். வேர் மண்ணைக் கட்டுகிறது. சரிவான கரை தண்ணீரின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. மனை வாங்கியதும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? ஜேசிபியை விட்டு முழு மனையையும் மொட்டையடிக்கிறோம். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. அடுத்த ஐப்பசி மழையில் கரை கரைந்து கழிக்குள் போகிறது.

வீடு குடியேறிய பிறகு போகும் கரையைவிட, கட்டும்போது போகும் கரைதான் அதிகம் என்பேன். அஸ்திவாரம் தோண்டிய மண்ணைக் கரை ஓரத்தில் குவிப்பார்கள். அந்தப் பாரத்தில் கரை சரியும், மழையில் குவியலும் சேர்ந்து கரையும். லாரி ஏறி இறங்கிய தடத்தில் தண்ணீர் ஓடி வாய்க்கால் விழும். மாடித் தண்ணீர்க் குழாயைக் கரைக்கு நேராக நீட்டிவிட்டால், ஒரே பருவத்தில் ஆள் இறங்கும் பள்ளம் பறிந்துவிடும். கரைந்த மண் எங்கே போகிறது? கழியின் அடியில் படிகிறது. அங்கே கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் மண் அவர்கள் வயிற்றில்தான் விழுகிறது.

“செயலாளர் சாப், அப்படியானால் சுவர் எழுப்பிவிடுகிறோம்” என்று ஒரு தம்பி அலுவலகத்தில் வந்து சொன்னார். கடலோரத்தில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு, தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கத் தொடங்கியது. இங்கே பாறாங்கல் கொட்டினால் அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. கழியிலும் கணக்கு அதேதான். செங்குத்தான சுவரில் மோதிய தண்ணீர் அடியில் பறிக்கும். சுவர் முடியும் இடத்தில் பக்கத்து மனையைத் தின்னும். ரப்பீஸ் கொட்டி மேடாக்குவது அதைவிட மோசம். வெள்ளம் போக வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது.

மதரஸாவில் ஃபிக்ஹ் ஓதியவர்களுக்கு ‘ஹரீம்’ என்ற சொல் நினைவிருக்கும். தரிசு நிலத்தைப் பண்படுத்தி உரிமையாக்கிக்கொள்ளும் பாடத்தில் வருவது. கிணற்றைச் சுற்றியும் ஆற்றை ஒட்டியும், அந்த நீரின் பயனுக்குத் தேவையான இடம் அந்த நீரையே சேர்ந்தது. வேறொருவர் வந்து தன் நிலமென்று வளைத்துக்கொள்ள முடியாது. அளவிலும் விவரத்திலும் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் இப்போது போக வேண்டாம்.

அரசாங்கமும் ஒரு ஹரீம் வைத்திருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று பெயர். கடல் ஓதம் ஏறி இறங்கும் கழிக்கு 2011 அறிவிக்கையில் 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது எல்லை. 2019 அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது. குறைத்தது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்த ஐம்பதாவது இருக்கிறது. பத்திரம் பதிவாகிவிட்டதே என்று நினைக்காதீர்கள். பதிவு வேறு, கட்ட அனுமதி வேறு. முன்பணம் கொடுக்குமுன் பட்டாவையும் புல வரைபடத்தையும் பாருங்கள். கழி, ஓடை, கால்வாய்ப் புறம்போக்கு ஒட்டியிருக்கிறதா, சிஎம்டிஏ ஒப்புதல் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

“அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டிக் கழியைத் தூர்த்தவர்களை விட்டுவிட்டு, ஒன்றரை சென்ட் வாங்கிய ஏழையிடம் கணக்குப் பார்க்கிறீர்களே” என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வழக்குகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கின்றன, போகவும் வேண்டும். ஆனால் தூர்ந்து குறுகிய கழியில் வெள்ளம் முன்னைவிட உயரமாக ஏறும், இருக்கிற கரையை முன்னைவிட வேகமாக அடிக்கும். அவர்கள் செய்த வேலையால்தான் நம் கரைக்கு வேர் இன்னும் அதிகம் தேவைப்படுகிறது.

ஆகவே நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. ஒழுங்குமுறை எல்லைக்குள் புதிதாக மனை வாங்க நம் நிதியிலிருந்து கடன் கிடையாது. சிலருக்கு இது வருத்தம் தரும், தெரிந்தேதான் சொல்கிறேன். அனுமதியோடு எல்லைக்கு வெளியே கட்டுபவர்களுக்குக் கடன் உண்டு. ஆனால் வேலை தொடங்குமுன் நம் பொறியாளர் வந்து கயிறு கட்டிக் காட்டுவார். கயிற்றுக்கு அப்பால் ஒரு செடியும் வெட்டக் கூடாது, மண்ணும் கொட்டக் கூடாது. வீடு எழும்பும் இடத்தை மட்டும் தோண்டுங்கள். தோண்டிய மண்ணைத் தெருப் பக்கம் போட்டு, தார்ப்பாய் மூடி, கீழ்ப்பக்கம் மண் மூட்டை அடுக்குங்கள். மாடித் தண்ணீரைத் தெருப் பக்கம் ஓர் உறிஞ்சு குழிக்குத் திருப்புங்கள்.

மண் வேலைக்கான தவணையைச் செப்டம்பர் மாதத்தோடு நிறுத்திவிட்டு ஜனவரியில் மறுபடி தொடங்குவோம். இடையில் மேல்சுவருக்கும் கூரைக்கும் பணம் தடையின்றிக் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். மனுப் படிவம் அலுவலகத்தில் அஸருக்குப் பின் கிடைக்கும். வரும்போது புல வரைபட நகலைக் கையோடு கொண்டு வாருங்கள்.