மீன் எண்ணெயும் மழலையரும்



செட்டிநாட்டு வீடுகளில் கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும் வழக்கத்தை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு, சுக்கு முதலியவற்றை உரைகல்லில் இழைத்துச் சங்கில் எடுத்துப் புகட்டுவார்கள். அந்த இழைப்பில் ஒரு கணக்கு உண்டு. ஒன்றுக்கு மூன்று சுற்று என்றால் மற்றொன்றுக்கு ஒரே சுற்றுதான். கை தவறி ஒரு சுற்று கூடிவிட்டால், "பிள்ளை தாங்காது" என்று சொல்லி, காரைக்குடியில் எங்கள் ஆயா கல்லைக் கழுவிவிட்டு மறுபடியும் தொடங்குவார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா என்பது இன்றைய மருத்துவர் கூற்று. ஆகவே உரைமருந்துக்காக நான் வழக்காட வரவில்லை. அளவு என்னும் உணர்ச்சி அந்தக் கல்லருகே இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறேன்.

அதே வீட்டு அலமாரியில் மீன் எண்ணெய்ப் புட்டியும் இருந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன குடும்பங்கள் நிறைந்த தெருவில் சீமைப் புட்டிகளுக்குக் குறைவேது? முதுகில் பெரிய மீனொன்றைச் சுமந்து நிற்கும் மனிதனின் படம் ஒட்டிய ஸ்காட்ஸ் எமல்ஷனை அறியாத பிள்ளைகள் எங்கள் தெருவில் அரியர். இந்தப் புட்டிக்கு மட்டும் எவரும் கணக்குப் பார்த்ததில்லை. நல்லதுதானே, இன்னும் ஒரு கரண்டி குடிக்கட்டும் என்பார்கள்.

அந்தக் கரண்டியில் இருப்பது யாது? வடகடல்களில் வாழும் காட் என்னும் மீனின் ஈரலிலிருந்து வடித்த எண்ணெய் அது. வெயில் குன்றிய ஐரோப்பிய நகரங்களில் குழந்தைகளின் கால் எலும்பு வளைந்துபோகும் கணைநோய்க்கு அதை நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். நோய் தீர்ந்தது, ஏன் தீர்ந்தது என்பது விளங்கவில்லை. 1922-இல் அமெரிக்க அறிஞர் மெக்காலம் ஓர் எளிய சோதனையால் அதை விளக்கினார். எண்ணெயைச் சூடாக்கி அதனுள் காற்றைச் செலுத்தினார். கண்ணோயைத் தீர்க்கும் ஆற்றல் அழிந்தது. எலும்பை நேராக்கும் ஆற்றல் அழியாது நின்றது. ஆகவே ஒரே எண்ணெயில் இருவேறு உயிர்ச்சத்துகள் உள்ளன என்பது தெளிவாயிற்று. முன்னதை வைட்டமின் ஏ என்றும், பின்னதை வைட்டமின் டி என்றும் வழங்குகிறோம். இரண்டாம் உலகப் போரில் நார்வே நாட்டு எண்ணெயின் வரத்து நின்றபோது, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோழிக்கோட்டில் சுறாமீனின் ஈரலிலிருந்து அரசினரே எண்ணெய் வடித்தனர். சுறா ஈரலில் வைட்டமின் ஏ காட் மீனினும் மிகுதி.

நம் நாட்டுக்கு இந்த ஏ சத்தே பெரிய செய்தி. அது குறைந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். பிறகு விழியின் வெண்படலம் வறளும். கருவிழி புண்ணாகிக் குழந்தை குருடாகவும் கூடும். ஆதலால் 1970-இல் இந்திய அரசு, சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இச்சத்தைப் பெரிய அளவில் வாய்வழி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று.

சிறிய அளவு போதாதா என்று கேட்டவர்களும் இருந்தனர். அதற்கு விடை நமக்கு மிக அருகில், திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் கிடைத்தது. டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976-இல் மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும், ஐந்து வயதுக்கு உட்பட்ட 15,419 குழந்தைகளை 52 வாரங்கள் தொடர்ந்து கவனித்தனர். வாரந்தோறும் ஊழியர்கள் வீடு தேடிச் சென்று ஒரு பாதியினருக்கு 8,333 அலகு வைட்டமின் ஏ கொடுத்தனர். நல்ல உணவிலிருந்தே பெறத்தக்க சிற்றளவுதான் அது. அவர்களிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது என்று 1990-இல் அறிவித்தனர். சில துளிகள்; பிழைத்தவை உயிர்கள்!

ஆயினும் எல்லா இடத்திலும் இதே பயன் கிட்டவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 10 லட்சம் குழந்தைகளிடம் பெரிய அளவைக் கொடுத்து நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அதில் இறப்பு 4 விழுக்காடே குறைவாகக் காணப்பட்டது. அதுவும் தற்செயலாக இருக்கலாம். காரணம் குறித்து அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். குறையுள்ள குழந்தைக்கு அமுதமாவது, குறையில்லாத குழந்தைக்கு வெறும் எண்ணெயே என்பது என் எண்ணம்.

வெறும் எண்ணெயாக நின்றாலும் கேடில்லை. தண்ணீரில் கரையும் சத்து மிகுந்தால் பெரும்பாலும் சிறுநீரில் கழிந்துவிடும். ஏ, டி இரண்டும் கொழுப்பில் கரைபவை. ஈரலிலும் கொழுப்பிலும் தங்கிச் சேரும். 1597-இல் வடதுருவப் பனியில் சிக்கிய பாரென்ட்ஸ் என்னும் டச்சு மாலுமியின் கூட்டத்தார் பனிக்கரடியின் ஈரலைத் தின்றனர். மூவருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் உரிந்தது. ஈரலில் குவிந்திருந்த வைட்டமின் ஏ செய்த வேலை அது. குழந்தைக்கு இச்சத்து மிகுந்தால் வாந்தியும் தலைவலியும் வரும். டி மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணச்சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும். அரசினர் கொடுக்கும் மருந்தைத் தவறாமல் பெறும் குழந்தைக்கு, வீட்டிலும் ஈரல் எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பது என்ன கணக்கு? பிறந்தது முதல் ஓராண்டு வரை நாளொன்றுக்கு 400 அலகு டி சத்து கொடுக்கலாம் என்று குழந்தை மருத்துவர்கள் கூறுவது உண்மை. அதற்கென்றே சொட்டு மருந்து இருக்கிறது.

கொடுக்கும் முறையிலும் ஆபத்து உண்டு. மூக்கைப் பிடித்து, கதறும் வாயில் எண்ணெயை ஊற்றுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். எண்ணெய் இருமலைத் தூண்டாமலே மூச்சுக்குழாயில் வழுகி இறங்கவல்லது. நுரையீரலில் தங்கி அது உண்டாக்கும் காய்ச்சலைத் தென்னிந்தியக் குழந்தைகளிடமே மருத்துவர்கள் கண்டு எழுதியுள்ளனர். அழுகின்ற குழந்தைக்கு எந்த எண்ணெயும் வேண்டா.

இக்காலத்துக் கடைகளில் இன்னொரு மீன் எண்ணெய் விற்கிறது. அது ஈரலில் வடித்ததன்று. மீனின் உடலில் எடுத்தது. ஒமேகா-3 என்னும் கொழுப்பே அதன் சரக்கு. அறிவு பெருகும், படிப்பு ஏறும் என்று விளம்பரம் செய்கின்றனர். நன்றாக உண்டு வளரும் பிள்ளைக்கு இதனால் அறிவு கூடிற்று என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. பெயர் ஒன்றாயிருப்பதால் இரண்டையும் ஒன்றென எண்ணி வாங்குவோர் பலர். புட்டியின் மேல் 'ஈரல்' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்த ஒமேகா-3 கொழுப்பு, தொண்டிக் கரையில் பிடிபடும் சூடையிலும் இருக்கிறது. திட உணவு உண்ணத் தொடங்கிய குழந்தைக்கு அதைக் காரமின்றி வேகவைத்து, முள்ளைக் கவனமாக நீக்கி, குழைந்த சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். மீன் புழங்காத வீடுகளில் கொல்லை முருங்கை இருக்கிறது. அந்தக் கீரையில் உள்ள மஞ்சள் நிறப் பொருளை, உடல் தனக்கு வேண்டிய அளவே வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்கிறது. மசிக்கும்போது அரைக் கரண்டி நெய் சேருங்கள். நெய்யில்லாவிடில் அந்தச் சத்து உடலில் சரியாகச் சேராது.