மாந்தோப்பும் ஆயாவின் கூடையும்

(பழைய மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க குடும்பத் தொழிலைப் பத்திப் பேசுப்பா" என்றார் செயலாளர். பி.காம். முடித்து வங்கிக்குப் போனவன் நான். தொழிலை நடத்துவது என் தம்பி. ஆனாலும் கோடை விடுமுறை முழுக்க மாங்காய்க்கு நடுவே கிடந்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

சேலம் மாம்பழம் என்று பெயர் பெரிது. பழம் வருவதோ சுற்றுவட்டாரத் தோப்புகளிலிருந்தும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும். தாத்தா வைத்தது நான்கு ஏக்கர். மல்கோவா, இமாம்பசந்த், பெங்களூரா, பருவக் கடைசியில் நீலம். மரியாதையெல்லாம் மல்கோவாவுக்கு. ஆனால் அது ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் கை விரித்துவிடும். அடுப்பு எரிந்தது நீலத்தாலும், மாங்கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூராவாலும்தான்.

பழத் தொழிலில் பாதி வேலை பறித்த பிறகுதான். காம்பைக் கொஞ்சம் விட்டுப் பறிக்கணும். ஒடிந்தால் பால் வழிந்து தோல் கருகும். அழுகலும் அங்கேயே ஆரம்பிக்கும். பிறகு தரம் பிரித்து, மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி அடுக்கி, மேலே சாக்கு வைத்துத் தைக்கணும். இதில் எங்கள் ஆயாவை (அப்பாவின் அம்மா) மிஞ்ச ஆளில்லை. காயைக் கையில் எடுத்ததுமே இது நாளைக்கு, இது நாலு நாளைக்கு என்று பிரித்துவிடுவார். பக்கத்து ஊருக்குப் போகிற கூடை வேறு, சென்னைக்குப் போகிற கூடை வேறு. மண்டி தாத்தா பெயரில் இருந்தது. ரசீதில் ஆயாவின் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

அப்பா காலத்தில் கார்பைடு கல் வந்தது. காகிதத்தில் மடித்துக் கூடைக்குள் வைத்தால், ஈரம் பட்டு அசிட்டிலின் வாயு கிளம்பும். இரண்டு மூன்று நாளில் தோல் மஞ்சளாகிவிடும், உள்ளே அதே புளிப்பு. கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் உண்டு. உணவுக் கலப்படத் தடை விதிகளிலேயே இதற்குத் தடை இருந்தது. 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இருக்கிறது. தடை ஏட்டில், கல் கூடையில்!

முதலில் வருகிற கூடைக்குத்தான் நல்ல விலை. 1992 கோடையில் வெளியூர் வியாபாரிகள், "மஞ்சளா இருந்தா எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அக்கா கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கடன் வேறு. ஒரு வருஷம் மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்றார் அப்பா. ஆயா குரலை உயர்த்தவில்லை: "காயாவே ஊறுகாய்க்குப் போடுடா. கல்லு வச்சேன்னா அந்தக் கூடைய நான் தொடமாட்டேன்."

அப்பா வைக்கவில்லை. இரண்டு வியாபாரிகள் எங்களை விட்டுப் போனார்கள், திரும்பி வரவே இல்லை. ஒரு ஏக்கரை விற்றுத்தான் கல்யாணம் நடந்தது. நேர்மைக்கு லாபம் தானாக வரும் என்று மேடையில் சொல்வது சுலபம். எங்கள் கணக்குப் புத்தகத்தில் அப்படி ஒரு வரவு இல்லை.

2016-இல் எத்திலின் வாயுவைப் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு வரை பயன்படுத்த அனுமதி வந்தது. பழம் தானே வெளியிடுகிற வாயுதான் அது. தம்பி இப்போது வாடகை அறையில் அப்படித்தான் பழுக்க வைக்கிறான். முற்றாத காயை எந்த வாயுவும் இனிப்பாக்காது என்பதால், எதைப் பறிப்பது என்ற ஆயாவின் கணக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. கூடை போய் அட்டைப் பெட்டி வந்தாச்சு. பாதிப் பழம் மண்டிக்குப் போகாமல் நேரே வீடுகளுக்குப் போகிறது. மீதி மூன்று ஏக்கரில் கிழட்டு மல்கோவாக்களை வெட்டுவதா வேண்டாமா என்று தம்பிக்கும் அவன் மகளுக்கும் தினமும் வாக்குவாதம். நான் அதில் தலையிடுவதில்லை.

வாசலில் தம்பி அனுப்பிய பெட்டிகள் இருக்கின்றன. அடியில் உள்ள பழங்களுக்கு இன்னும் இரண்டு நாள் வேணும். வைக்கோல் இல்லாவிட்டால் அரிசிப் பானையில் வையுங்கள். பழுக்கும்வரை ஃபிரிட்ஜ் வேண்டாம்.