பின்னறையும் குடக்கூலியும்



புகைவண்டி அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர் மேடையேறுவது வழக்கமன்று. எனினும், டோம்பிவ்லியில் நாங்கள் வீடு வாங்கிய கதையைக் கூறுமாறு செயலாளர் பணித்துவிட்டார்.

ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் ஒரு வீட்டை வாங்கிக் குடக்கூலிக்கு விட்டு, அதைக் கொண்டே கடனை அடைக்கலாம் என்று கணக்கிட்டோம். தரகர் காட்டியது தரைத்தளத்து வீடு. கூடம், படுக்கையறை, சமையலறை. பின்புறத்தில் தகரம் வேய்ந்து மேலும் ஓர் அறையும் அடுக்களையும் எழுப்பியிருந்தனர். அதில் ஒரு குடும்பம் குடியிருந்தது. "இரண்டு குடித்தனம், இரட்டைக் கூலி!" என்றார் தரகர்.

அனுமதி உண்டா என்று வினவினோம். மாநகராட்சி வரி ரசீதை நீட்டினார். ரசீதைக் கண்டால் நம்பிவிடுவது எழுத்தர் குலத்தின் பலவீனம். முன்பணமாக 50,000 ரூபாய் கொடுத்துவிட்டோம். பிறகுதான் அறிந்தோம்: அனுமதியற்ற கட்டிடத்திற்கு வரிக்கு மேல் அபராதமும் விதிக்க மகாராஷ்டிரச் சட்டத்தில் இடமுண்டு, அதைச் செலுத்துவதனால் கட்டிடம் முறையானதாகிவிடாது.

எங்களைக் காத்தது ஒரு விண்ணப்பமே. ரயில்வே ஊழியர் அசையாச் சொத்து வாங்குமுன், 1966ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி மேலிடத்திற்குத் தெரிவிக்க வேண்டும். அதில் பரப்பளவை எழுதப் பத்திர நகலைப் பார்த்தோம். பின்னறையும் அடுக்களையும் அதில் இல்லை! தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வரைபட நகல் பெற்றோம். அவ்விடம் கட்டாது விடவேண்டிய வெற்றிடம் என்றிருந்தது. வங்கியின் மதிப்பீட்டாளரும் வரைபடத்திலுள்ளதற்கே விலை குறித்தார். கட்டிட நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பின்னரே வங்கிகள் கடன் வழங்க வேண்டுமென 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றமும் ஆணையிட்டிருக்கிறது.

"யார் வந்து இடிக்கப் போகிறார்கள்?" என்று நகைத்தார் தரகர். மும்பை வொர்லியின் காம்பா கோலா வளாகத்தை நினைத்துக்கொண்டோம். 1980களில் எழுந்த கட்டிடங்கள். அனுமதி 5 மாடிகளுக்கு, ஒன்று மட்டும் 20 மாடி வரை உயர்ந்தது. உச்சநீதிமன்றம் 2013இல் மேல்மாடிகளைக் காக்க மறுத்தது. 2014 ஜூனில் அவற்றின் மின்சாரமும் நீரும் எரிவாயுவும் துண்டிக்கப்பட்டன. அங்கு வாங்கியோரும் நம்மைப்போல் பணம் கொடுத்தே வாங்கியவர்கள்.

முன்பணத்தை விட்டு விலகுவதா? இரவெல்லாம் விவாதித்தோம். இறுதியில், வரைபடத்து வீட்டிற்கு மட்டுமே விலை, பின்கட்டை விற்பவரே இடித்துத் தரவேண்டும் என்று உறுதியாக நின்றோம். இரண்டு மாத இழுபறிக்குப்பின் அவர் இணங்கினார். பின்னறைக் குடும்பத்தை எண்ணியே நெஞ்சம் உறுத்தியது. அவர்களுடைய வைப்புத்தொகையை எங்கள் முன்னிலையில் திருப்பித் தரச்செய்தோம். கல்யாணில் வேறோர் அறை கிடைக்கும்வரை இடிக்கவும் விடவில்லை.

இடித்தபோது, அடுக்களைத் தரைக்கடியில் கட்டிடம் முழுமைக்குமான சாக்கடைத் தொட்டியின் மூடி அகப்பட்டது. மழைக்காலந்தோறும் குளியலறைகளில் கழிவுநீர் எதிர்த்து வந்த காரணம் அப்போதுதான் அண்டை வீட்டாருக்கு விளங்கிற்று. அதன்மேல் அடுப்பு வைத்துச் சமைத்திருக்கிறார்கள், பாவம்!

இன்று வரும் கூலி மாதத் தவணையில் பாதிக்குச் சற்று மேல். எஞ்சியதைச் சம்பளத்திலிருந்து கட்டுகிறோம்; எங்கள் கணக்கு பொய்த்தது உண்மைதான். வெற்றிடத்தில் அண்டை வீட்டார் துணி உலர்த்துகின்றனர். எங்கள் குடித்தனக்காரர் தொட்டி மூடியை விட்டுத் தள்ளி ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டிருக்கிறார்.