கேட்கத் தவறியவை



ஜூபிலி மேடையில் நம் பெருமைகளைப் பேசுவது வழக்கம். எங்கள் அறியாமையையும் சற்றே சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

அண்மையில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் நள்ளிரவில் மரணத் தறுவாயில் இருந்தார். பட்டம் பெற்றவர்கள் பலர் கட்டிலைச் சுற்றி நின்றோம். அந்நேரத்துக்குரிய ஜெபம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பாட்டி வந்தார். புத்தகமின்றி முழுவதையும் சொல்லி முடித்தார். "ஆமென்" மட்டுமே எங்கள் பங்கு.

மற்றொரு நாள் மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன், "சாவி, மேசை, ஜன்னல், அலமாரி, குருசு இவையெல்லாம் தமிழா?" என்று கேட்டான். விழித்தோம். தேடிய பின்பே அவை போர்த்துக்கீசிய மொழி தந்த சொற்கள் என்றறிந்தோம். அண்டிரிக் அடிகளார் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க ஞானோபதேசம் 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சேறியதும் அப்போதுதான் தெரிந்தது.

அன்பர்களே, நூலில் உள்ளதை நாளையும் தேடலாம். பாட்டியின் நெஞ்சில் உள்ளதை அவர் போனபின் எங்கே தேடுவோம்? தெரியாதது குற்றமன்று, அருகிலிருந்தும் கேளாததே குற்றம்.

எனவே இந்த ஜூபிலி ஆண்டில் வீட்டுக்கொரு நோட்டுப் புத்தகம் எடுப்போம். பெரியவர்கள் அருகில் அமர்ந்து, கேட்டு, எழுதிவைப்போம். முதல் பக்கத்தை அந்தப் பாட்டியிடம் கேட்டு நாங்கள் எழுதிவிட்டோம்.