முற்றமும் வீடே





2009-இல் போர் ஓய்ந்தபின் யாழ்ப்பாணக் கிராமங்களுக்குத் திரும்பியவர்களுள், சிறப்பாக 1990 முதல் மக்கள் நீங்கியிருந்த வலிகாமம் வடக்கிற்கு மீண்டவர்களுள், பலர் தம் வளவை அடையாளங்கண்டது கிணற்றைக் கொண்டே. ஓடும் கதவுநிலையும் பனைவளையும் போய்ச் சுவரும் இடிந்துகிடந்த அந்நிலையில், மாரிக்கு முன் ஒரு குடும்பத்தைக் கூரையின்கீழ்ச் சேர்ப்பதே தருமம் என்றெண்ணி வீட்டுத்திட்டங்கள் விரைந்ததை நான் குறைகூறேன். இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டத்தில், 550,000 ரூபா மானியத்தைப் படிப்படியாகப் பெற்று, பெரும்பாலான குடும்பங்கள் தாமே மேசனையும் தச்சரையும் அமர்த்திக் கட்டிய முறை, பிற்பாடு பேசப்பட்ட 65,000 ஆயத்த இரும்பு வீடுகளின் திட்டத்தை நினைக்கையில், பெரிதும் போற்றற்குரியது.

ஆனால் இத்திட்டங்களின் சதுர அடிக் கணக்கு சுவருக்குள்ளேதான் ஓடும். நம் வீட்டின் பிராணனோ சுவரில்லாத இடங்களில் இருந்தது. நாற்சார் வீட்டில் நான்கு புறத்துத் தாழ்வாரங்களும் நடுமுற்றத்தை நோக்கிச் சாய்ந்திருக்க, மழையும் வெயிலும் நிலவும் வீட்டின் நடுவிலேயே வந்திறங்க, வெப்பம் மேலெழுந்து போக, மணப்பெண்ணை அலங்கரித்ததும் பிணத்தைக் கிடத்தி அழுததும் அந்தக் கூரையற்ற இடத்தைச் சூழ்ந்தே நிகழ்ந்தன. அது செல்வர் வீடு என்பீர்கள், உண்மைதான். எனினும் மண்சுவரும் கிடுகுக் கூரையுமான ஏழையின் குடிலிலும் படலை, வெளிமுற்றம், திண்ணை, உள்ளறை, தனித்து நின்ற அடுக்களை, கிணற்றடி என்று, ஊருக்குரியதிலிருந்து தனக்கேயுரியதற்குப் படிப்படியாகச் செல்லும் அதே கிரமம் இருந்தது. ஒழுங்கையில் வெயிலில் வந்தவன் ஒதுங்கி இருப்பதற்கென்று கூரையும் திண்ணையும் வைத்துக் கட்டிய சங்கடப்படலையைப் போல மனிதாபிமானம் மிக்க வாசல் ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. அத்தகைய திண்ணைகளில் எல்லாச் சாதியாரும் சமமாய் அமர முடிந்ததில்லை என்பதை மறைத்து அவற்றின் பெருமையை மட்டும் பாடுவது அதர்மம். அவற்றை மீட்கும்போது அந்த விலக்கை மண்ணோடு விட்டே மீட்கவேண்டும்.

பழைய வீட்டை அச்சுப்போல வார்த்து வைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. போர்க்காலத்தில் காப்பரண்களுக்கென்று பனைகள் பெருந்தொகையாய்த் தறிக்கப்பட்டன. இன்று நடும் வடலி வைரமேறி வளைக்கு உதவப் பல பத்தாண்டுகள் செல்லும். ஆதலால் சீமெந்தும் தகரமும் இருக்கட்டும். காக்கவேண்டியது, காணியில் ஒவ்வோர் இடமும் மற்றொன்றோடு கொண்டிருந்த உறவை.

மீள்குடியேறிய கிராமமொன்றில் ஒரு மூதாட்டி, புதிய கல்வீட்டின் முன்னே தம் சொந்தச் செலவில் கிடுகுப் பத்தி ஒன்று இறக்கி, அதன்கீழ் மண்ணால் ஒரு குந்து கட்டி, சாணமிட்டு மெழுகி, அயலவரோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பின்புறம் புகைக்கென ஓலையடுக்களை தனியே எழுந்திருந்தது. திட்டத்தில் கிடைத்த குசினியில் விறகும், முன்னறையில் வெங்காயப் பிடிகளும் சைக்கிளும் இருந்தன. வீட்டுப் படம் வரைய வரும் உத்தியோகத்தர்களிடம் நான் கேட்பது இது: அளவுநாடாவை விரிக்கும் முன்பு, அம்மூதாட்டியின் குந்தில் ஒரு மாலைப்பொழுது இருந்துவிட்டு வாருங்கள், பின்பு அந்தப் பத்தியையே முதலில் வரையுங்கள்.